காற்றை யார் தள்ளுவது?

கணினியில் ஒரு கடிதம் தட்டச்சு செய்யும்போது மேசைக்கு அடியிலிருந்து எந்தச் சத்தமும் வருவதில்லை. ஒரு விளையாட்டைத் திறந்தால் சில நிமிடங்களில் இரைச்சல் கிளம்புகிறது. அது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் விசிறிகள் எழுப்பும் இரைச்சல். கணினிக் கடையின் அலமாரியில் விசிறியே இல்லாத கிராபிக்ஸ் கார்டும் இருக்கும். அதுவும் திரையில் படம் காட்டுகிறது, அதுவும் சூடாகிறது, ஆனால் ஓசையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. விசிறி இல்லாமலே ஒரு கார்டு பிழைக்குமானால், பக்கத்திலிருக்கும் கார்டுக்கு எதற்கு மூன்று விசிறிகள்? மூன்று விசிறிகள் வேண்டும் என்பது உண்மையானால், விசிறியில்லாதது ஏன் எரிந்துபோகவில்லை?

கார்டு எத்தனை வாட் மின்சாரம் எடுக்கிறது, அதன் சூட்டை வாங்கிச் செல்லும் காற்றை நகர்த்துவது யார் என்ற இரண்டையும் பார்த்தால் புதிர் அவிழும்.

உள்ளே போன மின்சாரம் எங்கே?

கிராபிக்ஸ் கார்டு, அதாவது வரைகலை அட்டை, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று நொடிக்குப் பல முறை கணக்கிடும் சில்லைத் தாங்கிய பலகை. அது எதையும் தூக்குவதில்லை, நகர்த்துவதில்லை. திரைக்குப் போகும் சமிக்ஞையில் இருக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். எனவே உள்ளே போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியே வருகிறது. 30 வாட் கார்டு என்றால் கேபினட்டுக்குள் 30 வாட் ஹீட்டர் ஒன்று எரிகிறது என்றே பொருள்.

தொடக்கத்தில் இது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த வூடூ கார்டில் சில்லுகளின்மேல் உலோகத் துண்டுகூடக் கிடையாது. 1999இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வந்தபோது சில்லின்மேல் சிறு விசிறி உட்கார்ந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே நிலைமை எல்லை மீறியது. 2003இல் கடைக்கு வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவின் விசிறிச் சத்தம் பரவலாகக் கேலிக்கு உள்ளாகி, கடைசியில் என்விடியாவே அதைக் கிண்டல் செய்து ஒரு வீடியோ எடுத்தது. 2022இன் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுக்கு 450 வாட், 2025இன் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுக்கு 575 வாட்.

இந்த ஏறுமுகம் பாதிக் கதைதான். ஒவ்வொரு தலைமுறைச் சில்லும் ஒரே வேலையை முன்னதைவிடக் குறைந்த மின்சாரத்தில் செய்யக் கற்றுக்கொண்டது. அந்த மிச்சத்தைக் கூடுதல் வேகத்துக்குச் செலவிட்டவை மேலே போயின. சூட்டைக் குறைப்பதற்குச் செலவிட்டவை கீழே இறங்கின. 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட்டிலும், 2017இல் வந்த ஜிடி 1030 வெறும் 30 வாட்டிலும் ஓடின. இரண்டுக்கும் விசிறியில்லாத வடிவங்கள் சந்தைக்கு வந்தன. ஓசையில்லாத கார்டு சாத்தியமானதில் பெரும்பங்கு சில்லை வடிவமைத்தவர்களுடையது. உலோகத்தை வளைத்தவர்களின் பங்கு அதற்கு அடுத்துத்தான்.

சில்லிலிருந்து தகடு வரை

ஜிடி 1030இன் சில்லு ஏறத்தாழ 74 சதுர மில்லிமீட்டர். பக்கத்துக்கு ஒன்பது மில்லிமீட்டர்கூட இல்லாத சதுரம். கார்டு எடுக்கும் 30 வாட்டில் பெரும்பகுதி இந்தச் சின்னப் பரப்பிலிருந்துதான் வெளியேற வேண்டும். நேராகக் காற்றிடம் விட்டால் நடக்காது. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா மோசம். செம்பு அதைவிட ஏறக்குறைய 15,000 மடங்கு நன்றாகக் கடத்தும். அதனால் வெப்பத்தை முதலில் உலோகத்துக்கு மாற்றி, பெரிய பரப்பில் விரித்து, பிறகே காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் உலோகத் தகட்டுக் கூட்டத்தைக் கணினி பழுதுபார்ப்பவர்கள் ஹீட் சிங்க் என்பார்கள்.

சில்லின் முகமும் ஹீட் சிங்க்கின் அடியும் கண்ணுக்குக் கண்ணாடிபோல் வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணளவில் மேடு பள்ளமானவை. ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் மேடுகள் மட்டுமே தொடும், பள்ளங்களில் காற்று நிற்கும். அந்தக் காற்றை வெளியேற்றத்தான் சாம்பல் நிறத் தெர்மல் பேஸ்ட். ஆண்டுகள் செல்லச் செல்ல அது காய்ந்து வெடிக்கும்போது நல்ல ஹீட் சிங்க்கும் பயனற்றுப்போகிறது. பழைய கார்டு திடீரென்று அதிகம் சூடானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சற்றுப் பெரிய கார்டுகளில் செம்புக் குழாய்கள் வளைந்து ஓடுவதைப் பார்க்கலாம். ஹீட் பைப் என்னும் இந்த வெப்பக் குழாய் கெட்டிச் செம்பு அல்ல. உள்ளே காற்றை உறிஞ்சிவிட்டுச் சில துளி நீரை வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் மிகக் குறைவு என்பதால் நீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே கொதிக்கும். சில்லின் அருகே ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி நீராகும். உட்சுவரில் பூசியிருக்கும் நுண்துளைச் செம்பு, திரி எண்ணெயை இழுப்பதைப் போலவே நுண்புழை விசையால் அந்த நீரைத் திரும்ப இழுத்துவரும். பம்பு இல்லை, வெளி மின்சாரம் இல்லை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963இல் இதை உருவாக்கிக் காட்டினார். விசிறியில்லாத கார்டுகள் சற்றே பெரிதாக வளர முடிந்ததற்கு இந்தக் குழாய் முக்கியக் காரணம்.

விலக மறுக்கும் காற்று

இதுவரை சொன்ன பாதை இரு வகைக் கார்டுகளுக்கும் பொது. வேறுபாடு கடைசி அடியில், தகட்டிலிருந்து காற்றுக்கு வெப்பம் தாவும் இடத்தில் இருக்கிறது.

சூடான தகட்டை ஒட்டி மிக மெல்லிய காற்றுப் படலம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அறிவியலார் இதை எல்லைப் படலம் என்கிறார்கள். வெப்பம் இந்தப் படலத்தை ஊடுருவித்தான் வெளியே போக வேண்டும். படலமோ காற்றால் ஆனது, ஆகவே ஒரு கம்பளிபோல் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். விசிறியில்லாதபோது சூடான காற்று எடை குறைந்து மேலேறுகிறது, கீழிருந்து புதுக் காற்று வருகிறது. இதுதான் இயற்கை வெப்பச்சலனம். தகடுகளுக்கு நடுவே இப்படி ஏறும் காற்றின் வேகம் நொடிக்குப் பத்து, இருபது சென்டிமீட்டர் என்ற அளவில்தான் இருக்கும். விசிறியோ நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் காற்றைச் செலுத்தி, படலத்தை மெல்லியதாக்கிவிடுகிறது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. அதனால்தான் எத்தனை விசிறி வைத்தாலும் ஒரு கார்டை அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறக்க முடியாது.

ஒரு சதுர மீட்டர் பரப்பு, சுற்றியுள்ள காற்றைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால் எத்தனை வாட் வெளியே போகும் என்பதை வைத்து இந்த வேறுபாட்டை அளக்கலாம். இயற்கையாக ஏறும் காற்றுக்கு அது 6 என்றும், விசிறி தள்ளும் காற்றுக்கு 40 என்றும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்த மதிப்பீடு.

30 வாட் கார்டு ஒன்றின் கணக்கு

பத்து சென்டிமீட்டர் நீளமும் மூன்று சென்டிமீட்டர் உயரமும் கொண்ட 20 அலுமினியத் தகடுகள் உள்ள ஒரு ஹீட் சிங்க்கை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டு பக்கம். மொத்தப் பரப்பு 0.12 சதுர மீட்டர்.

விசிறி கிடையாது என்றால், சதுர மீட்டருக்கு 6 வாட் வீதம், ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு இந்தப் பரப்பிலிருந்து முக்கால் வாட்டுக்கும் சற்றுக் குறைவாக வெளியேறும். 30 வாட்டும் வெளியேற வேண்டுமானால் தகடுகள் சுற்றுக் காற்றைவிட ஏறக்குறைய 42 டிகிரி சூடாக வேண்டும். கேபினட்டுக்குள் காற்று 40 டிகிரி என்றால் தகடுகள் 82 டிகிரி. சில்லு அதற்கும் சில டிகிரி மேலே இருக்கும். இது சில்லு தாங்கக்கூடிய வெப்பநிலைதான், ஆனால் எல்லைக்கு மிக அருகே. அறை 25 டிகிரியாக இருந்தபோது நிம்மதியாக ஓடிய கார்டு, கோடையில் குளிரூட்டப்படாத 38 டிகிரி அறையில் திணறுவது இதனால்தான். அறை ஏறும் ஒவ்வொரு டிகிரியும் அப்படியே சில்லின்மேல் ஏறி உட்காரும்.

இதே ஹீட் சிங்க்குக்கு முன்னால் ஒரு விசிறியை வைத்தால், 30 வாட்டுக்குத் தேவைப்படும் வேறுபாடு 6 டிகிரிதான். 42 எங்கே, 6 எங்கே! உலோகம் அதே உலோகம், பரப்பும் மாறவில்லை.

அடுத்து 200 வாட் கார்டை விசிறியில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். வேறுபாடு 40 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்றால், தேவைப்படும் பரப்பு 0.83 சதுர மீட்டர். மேலே சொன்ன அளவில் 139 தகடுகள். இயற்கை வெப்பச்சலனத்துக்குத் தகடுகள் ஏழெட்டு மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும்; அதற்கும் நெருக்கினால் எதிரெதிர்த் தகடுகளின் எல்லைப் படலங்கள் ஒன்றோடொன்று முட்டி, காற்று ஏறுவதே நின்றுவிடும். 139 தகடுகளை எட்டு மில்லிமீட்டர் இடைவெளியில் அடுக்கினால் நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். அப்படி ஒரு பொருள் எந்தக் கேபினட்டிலும் நுழையாது. விசிறி இருந்தால் 21 தகடுகள் போதும். காற்றை அழுத்தித் தள்ளுவதால் இடைவெளியை இரண்டு மில்லிமீட்டராகக் குறைக்கலாம். நாலைந்து சென்டிமீட்டரில் காரியம் முடியும். நிஜத்தில் தயாரிப்பாளர்கள் இதைப்போலப் பல மடங்கு தகடுகளை வைக்கிறார்கள். விசிறியை மெதுவாக ஓட்டுவதற்காகத்தான் அது.

கறுப்பு நிறத்துக்கும் இந்தக் கணக்கில் சிறு இடம் உண்டு. விசிறியில்லாத ஹீட் சிங்க்குகள் பல கறுப்பாக இருக்கின்றன. பளபளப்பான அலுமினியம் வெப்பக் கதிர்களை வெளியிடுவதில் கஞ்சத்தனம் காட்டும். கறுப்பு மேற்பூச்சு ஏற்றியது தாராளமாக வெளியிடும். ஆனால் தகடுகளின் உட்பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்பதால் வெளி விளிம்புகளும் முகங்களும் மட்டுமே பயன்தரும். கிடைப்பது சில வாட். 30 வாட்டில் சில வாட் மதிப்புள்ளது. 450 வாட்டில் அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டியதில்லை.

கவிழ்ந்து கிடக்கும் கார்டு

தாளில் சரியாக வந்த கணக்கு, கேபினட்டுக்குள் தவறிப்போவது அடிக்கடி நடக்கும். காரணம் கார்டு உட்காரும் விதம். நிமிர்ந்து நிற்கும் கேபினட்டில் மதர்போர்டு செங்குத்தாக நிற்கும், அதில் செருகிய கிராபிக்ஸ் கார்டு படுத்துக் கிடக்கும், அதுவும் சில்லும் ஹீட் சிங்க்கும் தரையைப் பார்த்தபடி. சூடான காற்று மேலேற முயலும். மேலே பலகை கூரைபோல் மறிக்கும். விசிறியுள்ள கார்டுக்கு இது பொருட்டே அல்ல. இயற்கை வெப்பச்சலனத்தை மட்டும் நம்பிய கார்டுக்கோ இதைவிட மோசமான இருப்பு கிடையாது. அதனால்தான் நல்ல விசிறியில்லாக் கார்டுகளில் தகடுகள் பலகையின் விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கும். அந்த விளிம்பு வழியாகக் காற்று ஏறிவிடும். தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் படுத்த வடிவக் கேபினட்டில் கார்டு நிமிர்ந்து நிற்கும், தகடுகளுக்கு நடுவே காற்று தடையின்றி ஏறும். ஒரே கார்டு இரண்டு கேபினட்டில் இரண்டு விதமாக நடந்துகொள்வதில் மர்மம் ஏதுமில்லை.

இன்னொரு சிக்கல், காற்றின் சுமைதிறன். ஒரு கனமீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1200 ஜூல் போதும். அதாவது காற்றால் அதிகம் சுமக்க முடியாது. 30 வாட்டைச் சுமந்து செல்லும் காற்று பத்து டிகிரிக்கு மேல் சூடாகக்கூடாது என்றால் நிமிடத்துக்கு 150 லிட்டர் காற்று கேபினட்டை விட்டு வெளியேற வேண்டும். 200 வாட்டுக்கு 1000 லிட்டர். விசிறியில்லாக் கார்டு வெப்பத்தைக் கேபினட்டின் காற்றில் இறக்கி வைப்பதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அதை வெளியே கொண்டுபோவது கேபினட்டின் பின்பக்க விசிறியோ, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியின் விசிறியோ ஆக இருக்கும். எல்லா விசிறியையும் கழற்றிவிட்டு, பக்கக் கதவையும் மூடிவிட்டால், 30 வாட் கார்டும் தான் விட்ட சூட்டிலேயே வெந்துபோகும். விசிறி இல்லாத கார்டுக்குக் காற்று தேவையில்லை என்ற எண்ணமே இத்துறையில் பரவலாக இருக்கும் பெரிய பிழை. 12 சென்டிமீட்டர் கேபினட் விசிறி ஒன்றை நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் மெதுவாக ஓடவிட்டால், காதுக்குக் கேட்காமலே பல டிகிரிகளைக் குறைத்துவிடும்.

இரைச்சலின் கணக்கு

விசிறியின் வேகத்தை இரட்டித்தால் அது தள்ளும் காற்று இரண்டு மடங்காகும். எடுக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும். ஓசை சுமார் 15 டெசிபல் கூடும். பத்து டெசிபல் கூடினாலே காது அதை இரு மடங்கு சத்தமாக உணரும். ஒன்பது இறக்கை விசிறி நிமிடத்துக்கு 2000 முறை சுற்றினால், நொடிக்கு 300 முறை ஓர் இறக்கை ஒரே இடத்தைக் கடக்கும். அந்த 300 அதிர்வு ஒரு ரீங்காரமாகத் தனித்துக் கேட்கும். சீரான இரைச்சலைவிட இந்த ரீங்காரமே மனிதரை அதிகம் எரிச்சலூட்டுகிறது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் படித்தால் நல்ல செய்தி ஒன்று கிடைக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதிதான் குறையும், ஓசையோ 15 டெசிபல் விழும். பெரிய ஹீட் சிங்க், பெரிய விசிறி, குறைந்த வேகம் என்ற சேர்க்கை ஏன் வெல்கிறது என்பது இதிலிருந்து தெரியும். கையகலச் சிறு கார்டில் சீறும் நாலு சென்டிமீட்டர் விசிறியைவிட, மூன்று விசிறி கொண்ட பெரிய கார்டு பெரும்பாலும் அமைதியானது.

முழு அமைதிக்கும் ஓர் எல்லை உண்டு. விசிறியே இல்லாத கார்டிலும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் கம்பிச்சுருள்கள் அதிர்ந்து, மெல்லிய கீச்சொலி எழுப்பலாம். மற்ற சத்தம் இல்லாத அறையில் அது இன்னும் துல்லியமாகக் கேட்கும்.

சில நேரம் மட்டும் சுழலும் விசிறி

இப்போது விற்கும் நடுத்தர, உயர்தரக் கார்டுகள் பலவற்றில் விசிறி உண்டு, ஆனால் எப்போதும் சுழலாது. சில்லு 50 முதல் 60 டிகிரியை எட்டும்வரை விசிறிகள் நின்றிருக்கும். கடிதம் எழுதும்போதும் படம் பார்க்கும்போதும் கார்டு சொற்ப வாட்டுகளையே எடுக்கும். அதற்கு அந்தப் பெரிய ஹீட் சிங்க் தாராளம். பளு ஏறியதும் உடனே விசிறி கிளம்ப வேண்டியதும் இல்லை. ஒரு கிலோ அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 900 ஜூல் வேண்டும். 100 வாட் வீதம் வெப்பம் கொட்டினாலும் அந்த உலோகம் 40இலிருந்து 60 டிகிரிக்கு ஏற மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் வேலை முடிந்துவிட்டால் விசிறி சுழலவே வேண்டாம். 60இல் கிளம்பிய விசிறி 59இல் நின்றால், அது நாள் முழுக்கக் கிளம்புவதும் நிற்பதுமாக இருக்கும். ஆகவே நிற்கும் வெப்பநிலையைப் பல டிகிரி கீழே வைத்திருப்பார்கள். இன்றைக்கு வீட்டுக் கணினி ஒன்றுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டியது பெரும்பாலும் இந்த இடைப்பட்ட வகையைத்தான்.

எது முதலில் கெடும்?

கார்டில் சுழலும் பாகம் விசிறி ஒன்றுதான். அதன் தாங்கியில் எண்ணெய் வற்றும், தூசி சேரும், முதலில் உறுமல் கேட்கும், பிறகு நின்றுபோகும். நின்றதும் சில்லு வெடித்துவிடுவதில்லை. வெப்பநிலை எல்லையை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் கணினி அணைந்துவிடும். கார்டு விசிறிகளுக்குப் பொது அளவு கிடையாது என்பதால் மாற்று கிடைக்காமல், பழுதுபார்க்கும் கடைகளில் 12 சென்டிமீட்டர் கேபினட் விசிறியைக் கேபிள் டையால் கட்டிவிடுவதும் உண்டு. பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் பல நேரங்களில் முன்னதைவிட நன்றாகவே குளிர்விக்கும்.

விசிறியில்லாக் கார்டில் கெட ஒன்றும் இல்லை என்பது முழு உண்மையல்ல. சில்லைச் சுற்றியுள்ள நினைவகமும் மின்தேக்கிகளும் அதே சூட்டில் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. மின்பகுபொருள் மின்தேக்கிகளுக்கு ஒவ்வொரு பத்து டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் வழங்கும் பொதுக்கணக்கு. மறுபுறம், காற்றை இழுக்காததால் தூசியும் குறைவாகவே சேரும். ஒலிப்பதிவு அறை, அலுவலக மேசை, மரத்தூள் பறக்கும் பட்டறை, நாள் முழுதும் அணைக்காமல் ஓடும் அறிவிப்புத் திரை ஆகிய இடங்களுக்கு 30 வாட் கார்டு பொருத்தமானது. 75 வாட்டுக்கு மேல் விசிறியில்லாக் கார்டுகள் அபூர்வம். மதர்போர்டின் செருகுவாய் தரக்கூடிய மின்சாரத்தின் உச்சமும் அதே 75 வாட்தான். தைவானின் பாலிட் நிறுவனம் கால்ம்எக்ஸ் என்ற வரிசையில் 2024இல் கொண்டுவந்த விசிறியில்லா ஆர்டிஎக்ஸ் 3050கூட 70 வாட் கார்டுதான்.

250 வாட், ஆனால் விசிறி இல்லை

இந்த எல்லைக்கு ஒத்துவராததுபோல் தோன்றும் கார்டுகளும் இருக்கின்றன. என்விடியா 2016இல் தரவு மையங்களுக்காக வெளியிட்ட டெஸ்லா பி40 கார்டு 250 வாட் எடுக்கும். ஒரு விசிறிகூட அதில் இல்லை. பின்னர் வந்த ஏ100, எச்100 கார்டுகளின் செருகு வடிவங்களும் அப்படியே. இவற்றின் தகடுகளைக் கவனித்தால் ரகசியம் தெரியும்: ஒன்றை ஒன்று நெருக்கியபடி, கார்டின் நீளவாக்கில், இரு முனையும் திறந்த சுரங்கம்போல் செல்கின்றன. சர்வர் பெட்டியின் உள்ளே குறுக்கே வரிசையாக நிற்கும் விசிறிகள் மிக வேகமாகச் சுழன்று அந்தச் சுரங்கம் வழியாகக் காற்றை அழுத்தித் தள்ளுகின்றன. அங்கே மனிதர் யாரும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை என்பதால் ஓசை பொருட்டல்ல. விசிறி கார்டிலிருந்து பெட்டிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

சமீப ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டிலேயே ஓட்ட விரும்புவோர் பி40 போன்ற பழைய சர்வர் கார்டுகளை மலிவாக வாங்குகிறார்கள். சாதாரணக் கேபினட்டில் அப்படியே செருகினால், பளு கொடுத்த சிறிது நேரத்திலேயே கார்டு சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நெருக்கமான தகடுகளுக்கு நடுவே இயற்கையாகக் காற்று ஏற வழியே இல்லை. முனையில் ஒரு குழல்வாயைப் பொருத்தி, அதற்குப் பின்னால் விசிறியை மாட்ட வேண்டும். 250 வாட்டுக்குப் பத்து டிகிரி ஏற்றம் என்ற கணக்கில் நிமிடத்துக்கு 1250 லிட்டர் காற்று வேண்டும். விசிறிப் பெட்டியின்மேல் அச்சிடும் சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற அளவில் அது 44. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண், எதிரே தடையில்லாதபோது கிடைக்கும் காற்றைக் குறிப்பது. நெருக்கமான தகடுகளின் தடையைத் தாண்ட வேண்டியிருப்பதால், அதைவிடக் கணிசமாக அதிக எண்ணும், நல்ல அழுத்தமும் தரும் விசிறியையே வாங்க வேண்டும்.